இருமுனை மனநோயும் நமது கடமையும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



மாட்டுக்குக் காணும் கோமாரியைக் குறித்தும், நெல்லுக்குக் காணும் குலைநோயைக் குறித்தும் நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். மனிதனுடைய மனத்திற்குக் காணும் நோயைக் குறித்துப் பேச மட்டும் கூசுகிறோம். அக்கூச்சத்தால் விளைந்த தீங்கொன்றை முதலில் கூறுகிறோம்.

நமது வட்டாரத்து விவசாயி ஒருவர் ஒரு கார்த்திகை மாதத்தில் பத்து நாட்கள் ஏறக்குறைய உறக்கமின்றி ஊரைச் சுற்றினார், ஓயாது பேசினார், கறவை மாடுகளைப் பாதி விலைக்கு விற்று ஊருக்கே விருந்து வைத்தார். பஞ்சாயத்தார் அவரை அழைத்துக் கண்டித்தனர். அக்கூட்டத்தில் நாமும் இருந்தோம். தை பிறந்ததும் அவரே அறுவடைக்கும் எழாமல், உண்ணாமல், பேசாமல் முடங்கிக் கிடந்தார். ஊரார் சோம்பேறி என்றனர். இரண்டும் ஒரே நோய் என்பது எவருக்கும் தோன்றவில்லை.

இதுவே இருமுனை மனநோய். எழுச்சி நிலையில் உறக்கம் குறைந்தும் களைப்புத் தோன்றாது. பேச்சும் செலவும் கட்டுமீறும். இது ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். தாழ்வு நிலையில் எதிலும் நாட்டமிராது. தற்கொலை எண்ணமும் எழக்கூடும். இடையில் பலர் நலமாகவே இருப்பர். இவ்விரு நிலைகளையும் ஒரே நோயாக 1899ஆம் ஆண்டில் வகுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் கிரேப்பலின்.

இந்நோய் குடும்பவழி வருவதுண்டு. ஆயினும், ஒத்த இரட்டையருள் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரும் என்பதில்லை. 40,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, மரபணுத் தொகுதியில் 64 இடங்கள் இந்நோயுடன் தொடர்புடையவை எனக் காட்டிற்று. தூக்கக்கேடும் பெருந்துயரமும் நோயைக் கிளறிவிடக்கூடும். ஆகவே பேயும் பாவமும் இதற்குக் காரணமல்ல.

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், எழுச்சி நிலையிலிருந்த 10 நோயாளிகளுக்கு லித்தியம் என்னும் உப்பைக் கொடுத்து நற்பயன் கண்டார். இன்றும் அது முதன்மையான மருந்துகளுள் ஒன்று. ஆனால் அளவு சிறிது மிஞ்சினாலும் நஞ்சாகும். எனவே இரத்தப் பரிசோதனை அவசியம். வெயிலில் உழைத்து வியர்வையால் நீரும் உப்பும் குறைந்தால், மருந்து உடலிலேயே தங்கிவிடும். கை நடுக்கம் மிகுதல், வாந்தி, தள்ளாட்டம் கண்டால் உடனே மருத்துவரை நாடவேண்டும். லித்தியம் உண்போர் போதிய நீர் பருகுக. உணவில் உப்பைத் திடீரெனக் குறைக்கற்க. வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணற்க. குணமாயிற்றென்று மருந்தைத் தாமே நிறுத்தவும் வேண்டா.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை நாடு மறக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்துள்ளது. அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

நாம் கூறிய விவசாயி, பின்னர் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று இன்று மீண்டும் பயிரிடுகிறார். விற்ற மாடுகள் திரும்பவில்லை. அன்று கண்டிப்பதற்குப் பதில் அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தால் அவ்விழப்பைக் குறைத்திருக்கலாம். உங்கள் ஊரில் ஒருவர் உறக்கமின்றி நிலைமாறக் கண்டால், அன்றே அவரை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பதைப் பஞ்சாயத்தின் கடமையாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.