பழைய காரும் ஆண்டுக் கணக்கும்

யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு வழக்காடலாகாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். பழைய கார் வாங்குவோர் நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டிய மொழி இது. காரின் விலையைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். தரகரோடு நாட்கணக்கிற் பேரம் பேசுகிறோம். ஆனால், வாங்கிய பின்னர் ஆண்டுதோறும் அது நம்மிடம் கேட்கும் தொகை எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கையே இன்று உங்களுடன் சேர்ந்து போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திலுள்ள எங்கள் சித்தாண்டி போன்ற ஊர்களிற் கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. ஆசிரியரும் தாதியரும் எழுதுவினைஞரும் தொலைவிலுள்ள கடமையிடங்களுக்கு நாள்தோறும் சென்று வரவேண்டியவர்கள். நள்ளிரவில் ஒருவருக்கு நோய் கண்டால், அயலவரின் காரே அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கிறது. புதிய கார் வாங்க வசதியில்லாதோர் பழையதை நாடுவது இயல்பே. அதிற் குறையொன்றுமில்லை. கணக்கில்லாமல் நாடுவதே குறை.

முதலில் பெற்றோலை எடுத்துக்கொள்வோம். சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் போய் வர ஏறக்குறைய 40 கிலோமீற்றர். மாதத்தில் 20 நாட்கள் சென்று வந்தால் 800 கிலோமீற்றர். நல்ல நிலையிலுள்ள சிறிய கார் ஒரு லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடுமானால் 53 லீற்றர் போதும். பராமரிப்பின்றித் தேய்ந்த கார் 10 கிலோமீற்றரே ஓடுமானால் 80 லீற்றர் வேண்டும். மாதம் 27 லீற்றர் வீணாகிறது. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்ரேன் பெற்றோல், அவ்வாண்டு ஜூன் 26 ஆம் திகதி 470 ரூபாயாயிற்று. அந்த விலையிற் கணக்கிட்டால், வீணான பெற்றோல் மட்டும் மாதம் 12,500 ரூபாய்க்கு மேலாகும். காற்று வடிகட்டியையும் பிளக்கையும் காலத்தில் மாற்ற மறுத்து மிச்சம் பிடித்தவர் எதை மிச்சம் பிடித்தார்?

அடுத்தது தேய்மானம். ரயரின் மேற்பூ தேயாதிருப்பதைக் கண்டு மனநிறைவு அடைவோர் பலர். ரப்பருக்கு வயது உண்டு. வெயிலிலும் காலப்போக்கிலும் அது இறுகி வெடிக்கும். ரயரின் பக்கச் சுவரிற் காணப்படும் நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த நாளைச் சொல்லும். 2319 என்றிருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் மிகுந்தால் அது குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். அவசரத்தில் மிதித்த பிரேக் பிடிக்காது போகும். இவை கண்ணுக்குத் தெரியாத குறைகளாதலால், செலவைத் தள்ளிப் போடுவது எளிது. ஆனால் தள்ளிப் போட்ட செலவு வட்டியோடு திரும்பி வரும்.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. அது இல்லாமல் ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. இதனை அனுமதிப்பத்திரம் பெறுவதற்காகச் செலுத்தும் இன்னொரு கட்டணம் என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. நமது காராற் காயமுறுபவருக்கும் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கும் நாம் முன்கூட்டியே கொடுத்து வைக்கும் வாக்குறுதி அது. திருகோணமலை வீதியில் விடியற்காலையிற் சைக்கிளில் வயலுக்குச் செல்லும் கூலியாளை எண்ணிப் பாருங்கள். அவருடைய கால் முறிந்தால் அவர் வீட்டு அடுப்பும் அணையும். ஆகவே, இந்தச் செலவிற் கஞ்சத்தனத்துக்கு இடமில்லை. ஆனால், மூன்றாந்தரப்புக் காப்புறுதி நமது காரின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது என்பதையும் மறத்தலாகாது.

நமது காரையும் காப்பது முழுமையான காப்புறுதி. இங்கேதான் பழைய கார் உடையவர்கள் பெரிதும் ஏமாறுகின்றனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளிற் பழைய கார்களின் விலை, வயது ஏற ஏறக் குறைவதற்குப் பதிலாக, ஏறிக்கொண்டே சென்றது. கட்டணம் கூடுமே என்று பலர் பழைய பெறுமதியிலேயே காப்புறுதியைப் புதுப்பித்து வந்தனர்.

இதன் விளைவு மாணவர் படிக்கும் விகிதசமக் கணக்கே. சந்தையில் 40 இலட்சம் பெறும் காரை ஒருவர் 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறார் என்போம். விபத்தில் 4 இலட்சம் ரூபாய்க்குச் சேதம். பெறுமதியிற் பாதிக்கே காப்புறுதி செய்தமையால், ஒப்பந்தத்திற் குறைக்காப்புறுதி விதி இருக்குமானால், சேதத்திலும் பாதியே, அதாவது 2 இலட்சமே கிடைக்கும். பழைய உதிரிப்பாகத்துக்குப் பதிலாகப் புதியது போடும்போது, பழையதன் தேய்மானத்துக்கென மேலும் ஒரு பகுதி கழிக்கப்படுவதுமுண்டு. விலை சரியும் காலத்தில் இதற்கு மாறான நட்டம் நேரும்: கூடிய பெறுமதிக்குக் கட்டணம் செலுத்தினாலும், சந்தை விலைக்கு மேல் இழப்பீடு கிடைப்பது அரிது. எனவே, ஆண்டுதோறும் புதுப்பிக்குமுன் அன்றைய சந்தை விலையைக் கேட்டறிதல் வேண்டும்.

மற்றுமொன்று. 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பு மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளமும் புயலும் உங்கள் ஒப்பந்தத்தில் அடங்குமா, தனிக் கட்டணம் செலுத்த வேண்டுமா என்று மழைக்காலத்துக்கு முன்னரே எழுத்திற் கேட்டுப் பெறுங்கள். நீரில் நின்ற காரை உடனே இயக்கிப் பார்க்காதீர்கள். பொறிக்குள் நீர் புகுந்திருந்தால், சிறு சேதம் பெருஞ் சேதமாகும்.

முடிவாக ஒன்று கூறுவேன். கார் வாங்குமுன் ஒரு தாளை எடுங்கள். பெற்றோல், பராமரிப்பு, ரயரும் பற்றரியும், காப்புறுதி, அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனையும் என ஓராண்டுச் செலவை எழுதிப் பன்னிரண்டாற் பிரியுங்கள். வருகின்ற தொகையைக் கடன் தவணையோடு கூட்டுங்கள். மாதச் சம்பளம் அதனைத் தாங்குமாயின் தயங்காமல் வாங்குங்கள். தாங்காதாயின், விலை எவ்வளவு மலிவாயினும் அந்தக் கார் உங்களுக்கு விலை கூடியதே. பஸ்ஸில் ஏறிச் செல்வதில் இழிவில்லை. பிரேக் பிடிக்காத, காப்புறுதி போதாத காரைப் பலர் நடமாடும் வீதியில் ஓட்டிச் செல்வதே இழிவு.