கூனியை அழைத்தவர்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நன்றி ஆராதனையின் பின் ஆற்றிய உரை)



தாழ்வு மனப்பான்மையை விசுவாசத்தால் மேற்கொள்வது பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, "எங்களைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்களே" என்றுதான் பதில் சொன்னோம். தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்தப் பதிலே தலைப்புக்குள் அடங்கிவிட்டது என்பது விளங்கியது. மோசேயும் தன் நாக்கைச் சாட்டி, வேறு யாரையாவது அனுப்பும்படி கேட்டவர்தான். கிதியோன் தன் குடும்பத்தின் எளிமையைச் சொன்னார். எரேமியா தன் வயதைச் சொன்னார். அழைக்கப்பட்டவர்களில் பலர் முதலில் செய்தது பின்வாங்கியதுதான். அந்தத் துணிவில் வந்து நிற்கிறோம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது எங்கள் வகுப்பு சாதாரணதரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தது. தென்மராட்சியில் இன்னொரு பாடசாலையின் கூரையின் கீழ்ப் பின்னேர வகுப்புகள். சீருடை சிலரிடம்தான் இருந்தது. ஒரு கொப்பியை இருவர் பாவித்தோம். அந்த மாதங்களில் யார் பெரியவள், யார் சிறியவள் என்ற பேச்சு எங்களுக்குள் ஓய்ந்திருந்தது. அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பினோம், அதுவும் எங்களோடு திரும்பி வந்துவிட்டது.

எங்கள் வகுப்பில் ஒருத்தி உதவிப் பணத்தில் படித்தாள். தவணைக்கு ஒரு முறை, காலை வழிபாடு முடிந்ததும் உதவி பெறும் பிள்ளைகளின் பெயர்களை மண்டபத்தில் வாசிப்பார்கள். அவள் எழுந்து மேடைக்குப் போய்க் கடித உறையை வாங்கிக்கொண்டு வருவாள். நல்ல மனத்தோடுதான் அதைச் செய்தார்கள். ஆனால் திரும்பி வரும்போது அவள் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டே வந்து கடைசி வாங்கில் இருப்பாள். இடைவேளையில் நாங்கள் வட்டமாக இருந்து சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறப்போம். அவளைக் கூப்பிட்டதில்லை. கூப்பிடாததற்குக் காரணம் காசு மட்டும் அல்ல என்பது உங்களுக்கு விளங்கும். யாழ்ப்பாணத்தில் அந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. காலையில் ஜெபித்த அதே வாயால் நாங்களும் சொல்லவில்லை, பேசாமல் இருந்தோம்.

எங்கள் முறை பிறகு வந்தது. எங்களில் மூவர் மருத்துவம் படிக்கத் தெற்கே போனோம். விரிவுரை ஆங்கிலத்தில், நோயாளிகள் பேசுவது சிங்களத்தில். வாட்டில் பேராசிரியர் கேள்வி கேட்பார். விடை தெரியும், ஆனால் தொண்டையில் நின்றுவிடும். பக்கத்தில் நிற்பவர் அதே விடையை அழகான ஆங்கிலத்தில் சொல்லிப் பாராட்டுப் பெறுவார். இரவில் அறையைப் பூட்டிக்கொண்டு உச்சரிப்புப் பழகினோம். பஸ்ஸில் எங்களுக்குள் தமிழில் பேசவே கூசினோம். அதற்குப் பயமும் ஒரு காரணம், ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் பொய். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்ததும், மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதும் எங்களுக்குத் தெரியும். அவர் பெயரில் நிற்கும் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் எங்களில் சிலர் தினமும் பள்ளிக்கூடம் வந்தோம். ஆனாலும் தமிழில் படித்ததை ஒரு குறையாகவே சுமந்தோம்.

அந்த நாட்களில் ஓர் இரவு நாங்கள் மூவரும் லூக்கா 13ஆம் அதிகாரத்தை வாசித்தோம். பதினெட்டு வருடம் கூனியாக, நிமிர முடியாமல் இருந்த பெண்ணின் கதை. நான்கு சுவிசேஷங்களில் லூக்கா மட்டுமே இதைச் சொல்கிறார். அவர் வைத்தியர் என்பதால் இருக்கலாம் என்று எங்களுக்கு ஒரு பெருமை. முள்ளந்தண்டு வளைந்த நோயாளிகளை இப்போது கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறோம். நோவைப் பற்றிச் சொல்வார்கள். அதைவிட, எதிரே வருபவரின் முகம் தெரிவதில்லை, செருப்பை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறோம் என்பார்கள். அந்தப் பெண்ணும் பதினெட்டு வருடமாக ஜெப ஆலயத்தில் செருப்புகளைத்தான் பார்த்திருப்பாள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவள் எதுவும் கேட்கவில்லை. இயேசுதான் அவளைக் கண்டு, கூப்பிட்டு, கையை வைக்கிறார். ஆலயத் தலைவனுக்குக் கோபம், ஓய்வுநாளில் சுகப்படுத்தலாமா என்று. மாட்டையும் கழுதையையும் ஓய்வுநாளில் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே என்று கேட்ட இயேசு, இவளை ஆபிரகாமின் மகள் என்று எல்லோர் முன்னும் சொல்கிறார். நிமிர்ந்த பிறகு கொடுத்த பட்டம் அல்ல அது. கூனியாக இருந்த பதினெட்டு வருடமும் அவள் ஆபிரகாமின் மகள்தான். அங்கிருந்த ஒருவருக்கும் அது நினைவில் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாளே எங்கள் ஆங்கிலம் சரளமாகிவிட்டது என்று சாட்சி சொல்ல மாட்டோம். திக்கித் திக்கித்தான் பேசினோம். ஆனால் தவறாகச் சொன்ன பிறகும் அடுத்த கேள்விக்கு வாய் திறக்க முடிந்தது. எங்கள் மதிப்பு அந்த வாட்டில் தீர்மானிக்கப்படுவதில்லை என்பது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. விசுவாசம் எங்களுக்குச் செய்தது அதுதான்.

வைத்தியர்களாக ஒரு வார்த்தை. வியன்னாவின் அல்பிரட் அட்லர் இந்த உணர்வை ஆராய்ந்து எழுதியவர். சிறுவயதில் கணை நோயால் வருந்தியவரும்கூட. தாழ்வை மறைக்கச் சிலர் உயர்வு நடிப்பார்கள் என்று அவர் காட்டினார். எங்கள் ஊரில் அதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. இன்னொன்று, நித்திரையின்றி, உணவில் விருப்பமின்றி, சாக வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை இருந்தால் அது மனச்சோர்வு நோய். ஜெபியுங்கள், கூடவே வைத்தியரிடமும் கூட்டிச் செல்லுங்கள். விசுவாசம் குறைந்துவிட்டது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

கிறிஸ்தவ நிறுவனம் என்பதால் ஒருவரைத் தாழ்த்தாது என்றும் இல்லை. 1896இல் இணுவில் ஆஸ்பத்திரிக்கென வந்த கனடிய வைத்தியர் மேரி ரட்ணம், ஒரு தமிழரை மணந்திருந்தார் என்பதற்காக மிஷனால் ஏற்கப்படவில்லை. அவர் கொழும்பில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1930இல் லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். 1958இல் மக்சேசே விருது பெற்றார். அவரை மறுத்தவர்களும் ஜெபிக்கிறவர்கள்தான். இதைச் சொல்லும்போது எங்கள் சாப்பாட்டு வட்டம் நினைவுக்கு வராமல் இல்லை.

இந்த விழாவுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்தபோது அவளுடைய இலக்கம் கிடைத்தது. பேசினோம். மன்னிப்புக் கேட்டோம். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பாட்டை நான் மறந்திட்டன். பேர் வாசிச்சதைத்தான் மறக்கேலாமல் கிடக்கு" என்றாள். விழாவுக்கு வரவில்லை. வரும்படி நாங்கள் வற்புறுத்தவும் இல்லை.

ஆகவே லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ன் கிளைகளிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு உதவி நிதிக்குத் தாராளமாகத் தாருங்கள். ஆனால் பிள்ளைகளை மேடையில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்காதீர்கள். கணக்கறிக்கை வரும், அதில் தொகை இருக்கும், பெயர் இருக்காது. பணம் பெற்றோரின் வங்கிக் கணக்குக்கு நேரே போகட்டும். இயேசுவும் அந்தப் பெண்ணை எல்லோர் முன்னும்தான் அழைத்தார், உண்மை. ஆனால் உதவி பெற்றவள் என்று அவளை அறிமுகப்படுத்தவில்லை. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பிரேரணையாகக் கொண்டுவர இருக்கிறோம். அன்று உங்கள் கைகளை உயர்த்தித் தாருங்கள்.