மனைத்தோட்டமும் மஞ்சள் முள்ளங்கியும்

(விருதுநகரில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தகைய கூட்டங்களில் இலக்கியம் பற்றிப் பேசுமாறு எம்மை அழைத்தலே வழக்கம். இம்முறை நம் செயலாளர் அவர்கள், "வீட்டுக்கு உதவுவதாக ஒன்று பேசுக" எனப் பணித்தனர். இலக்கியம் வீட்டுக்கு உதவாது என்பது அவர்தம் கருத்தாகாது என்றே யாம் கொள்கின்றோம். அவர் ஆணையை மேற்கொண்டு, மனையைச் சார்ந்த சிறு தோட்டத்தைப் பற்றியும், அதன்கண் மஞ்சள் முள்ளங்கி முதலிய காய்கறிகளை விளைத்தல் பற்றியும் சில சொல்லப் புகுந்தனம். மஞ்சள் முள்ளங்கி என்றது இற்றைநாள் எல்லோரும் காரட் என வழங்கும் கிழங்கையே. இனி யாமும் காரட் என்றே கூறுவாம்.

மனையை அடுத்த தோட்டத்திற்குப் பழந்தமிழர் இட்ட பெயர் படப்பை என்பது. சங்க நூல்களைப் பயின்றோர் இச்சொல்லை அறிவர். பிற்காலத்தே அது கொல்லை என்றும், புழைக்கடை என்றும் வழங்கலாயிற்று. இப்பொழுது நம் வீடுகளிற் பலவற்றில் புழைக்கடை என்னும் சொல் மட்டும் இருக்கின்றது. அவ்விடத்தில் மோட்டார் வண்டி நிற்கின்றது.

நம் நாடு கரிசற்காடு. ஆண்டொன்றுக்குச் சற்றேறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெய்வதும், அதிற் பாதியளவு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள மூன்று திங்களிற் கொட்டித் தீர்வதும், பின்னர் வானம் நம்மை மறந்துவிடுவதும் நாம் கண்டறிந்தனவே. இவ்வறட்சியே சிவகாசிக்குத் தொழில் தந்தது. 1922-ஆம் ஆண்டளவில் திரு. அய்ய நாடாரும் திரு. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யுந் தொழிலைக் கற்று மீண்டு, 1923-ஆம் ஆண்டில் ஈண்டு அதனைத் தொடங்கினர். தீக்குச்சி உலர்வதற்கும் வெடிமருந்து ஈரங் காணாதிருப்பதற்கும் இவ்வுலர்ந்த காற்றினும் சிறந்த துணை வேறில்லை. ஆயின் குச்சியை உலர்த்தும் காற்றே கீரையையும் உலர்த்துகின்றது. அதனால், பருப்புக்கும் வற்றலுக்கும் எண்ணெய்க்கும் நாடறிந்த சந்தையாகிய விருதுநகர், பச்சைக் காய்கறிக்கு ஒட்டன்சத்திரத்தையும் மதுரையையும் மலைநாட்டையும் எதிர்பார்த்து நிற்கின்றது. வாரக்கூலி பெறும் குடும்பங்களைப் பாருங்கள். கூலி வாங்கிய நாளிற் பை நிறையக் காய் வரும். நான்கு நாட் கழிந்தபின் வற்றற் குழம்பும் அப்பளமுமே மிஞ்சும். இந்த இரண்டாம் பாதி வாரத்தை நிரப்புதற்கே மனைத்தோட்டம் வேண்டுமென்கின்றோம். சந்தையை ஒழித்தற்கு அன்று.

காரட்டின் பெருமை யாது? அக்கிழங்கிலிருந்தே 1831-ஆம் ஆண்டில் வாக்கன்ரோடர் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஒரு செம்மஞ்சட் பொருளைப் பிரித்தெடுத்தார். கிழங்கின் பெயராலேயே அதற்குக் கரோட்டின் எனப் பெயர் வந்தது. நம் உடல் அதனை வைட்டமின் ஏ என்னும் உயிர்ச்சத்தாக மாற்றிக்கொள்ளும். அச்சத்துக் குறையின் முதலிற் கெடுவது அந்திப்பொழுதிற் காணுந் திறன். மாலைக்கண் என நம் முன்னோர் கூறியது இதுவே. இதுபற்றி ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டாம் உலகப்போரில், 1940, 1941-ஆம் ஆண்டுகளில், பிரிட்டிஷ் விமானிகள் இருளிற் பகைவர் விமானங்களைச் சுட்டு வீழ்த்தியபோது, அவர்கள் காரட் மிகுதியாகத் தின்றமையால் இருளிலும் கண் தெரிகின்றது என்று செய்தி பரப்பினர். உண்மையில் அவர்களுக்கு உதவியது ராடார் என்னும் கருவி. கருவியை மறைத்தற்குக் கிழங்கு கவசமாயிற்று! குறையுள்ள கண்ணைக் காரட் காக்கும். நிறைவுள்ள கண்ணை ஆந்தைக் கண்ணாக்காது.

இனிப் பயிரிடுமுறை. ஐரோப்பிய வகைக் காரட் குளிர் விரும்புவது. பதினைந்து முதல் இருபது பாகை வரையுள்ள தட்பமே அதற்கு உகந்தது. அதனாலேதான் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், சல்லிவன் துரை நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளை விளைக்கத் தொடங்கிய காலந்தொட்டு அம்மலையே அவற்றிற்கு இருப்பிடமாயிற்று. சமவெளியிலும் தாங்கி விளையுமாறு டெல்லியிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் பூசா கேசர், பூசா ருதிரா, பூசா விருஷ்டி முதலிய வகைகளைத் தந்துள்ளனர். நாம் தேடி வாங்கத்தக்கவை இத்தகையனவே. உறையின்மீது அழகிய படம் இருத்தல் பற்றி மலைநாட்டு விதையை வாங்கி வருவோர், இலையை மட்டும் கண்டு மகிழ நேரும். விதைக்கும் பருவம் ஐப்பசி, கார்த்திகை. தைப்பனி கிழங்குக்குத் துணை. மாசிக்குள் எடுத்துவிடல் வேண்டும். பங்குனி வெயிலில் நிற்கும் காரட் நாரோடிக் கசக்கும்.

மண்ணே இதில் முதன்மை. கரிசல் மண் நனைந்தாற் பசையாகி, உலர்ந்தாற் பாளம் பாளமாய் வெடிக்கும். பருத்திக்கு அது தாய், காரட்டுக்கோ சிறைச்சாலை. நேரே இறங்க வழியற்ற கிழங்கு, கிளைத்துக் கவைக்காலாகும். ஆதலின் கரிசல் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கிடைப்பின் தென்னைநார்க் கழிவு சிறிது, இவற்றைக் கலந்து ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைத்தல் வேண்டும். கல்லையும் கட்டியையும் கையாற் பொறுக்குக. பச்சைச் சாணத்தை இடுதல் ஆகாது. கிழங்கு பிளவுபட்டு மயிர்வேர் மிகும். மாடியில் வைப்போர் ஒன்றை நினைவிற் கொள்க: ஓரடி ஆழத்து ஈரமண் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஐந்நூறு கிலோ நிறை கொள்ளும். ஆதலின் பைகளை மாடியின் நடுவிற் குவியாது, சுவர் தாங்கும் ஓரங்களிற் பரப்பி வைக்க. பழைய மரக்கட்டுத் தளமாயின் மாடியை விட்டுவிடுதலே நன்று.

காரட்டை நாற்றுவிட்டு நடுதல் கூடாது. விதைத்த இடத்திலேயே வளர்தல் வேண்டும். விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் எண்ணூறளவு இருக்கும். அது கொத்தமல்லிக்கும் சீரகத்துக்கும் உறவினம்; கையில் தேய்த்து முகர்ந்தால் உறவு விளங்கும். மணலோடு கலந்து, கால் அங்குல ஆழத்தில், வரிசையாகத் தூவி மூடுக. முளைக்கப் பத்து நாள் முதல் இருபது நாள் வரை ஆகும். இவ்விடைக்காலத்தில் மேல்மண் ஒருநாள் காய்ந்து ஓடு கட்டினாலும் முளை மேலெழாது மாண்டுவிடும். பலர், "விதை பொய்த்தது" எனக் கடைக்காரரை நொந்துகொள்வது இதனால்தான். ஈரச் சாக்கை மேலே விரித்து, நாள்தோறும் தூக்கிப் பார்த்து, முதல் முளை கண்டவுடன் மாலையில் அதனை நீக்கிவிடுக. ஈரிலை விட்டபின் களைந்து, முடிவில் இரண்டங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்துக. களைதற்கு மனம் வாராது, "வளர்ந்த பிள்ளையைப் பிடுங்குவதா?" என்பர் நம் தாய்மார். பிடுங்காவிடின் ஒன்றும் பிள்ளையாகாது. கிழங்கின் தோள் வெளியே தெரியின் பச்சை பாயும், மண்ணணைத்து மூடுக. காய்ச்சலும் பாய்ச்சலும் மாறிமாறி வரின் கிழங்கு வெடிக்கும்; அளவான ஈரம் ஒருபடித்தாய் நிற்றல் வேண்டும். தொண்ணூறு முதல் நூற்றுப்பத்து நாட்களில் எடுக்கலாம்.

"குடிக்க நீரில்லாத ஊரில் காரட்டுக்கு நீர் ஏது?" என வினவுவார் உளர். நியாயமான வினாவே. கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது சரியாக ஒரு லிட்டர். நம் பக்கத்துப் பயிர் நாளொன்றுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் குடிக்கும். அங்ஙனமாயின் நான்கு சதுர மீட்டர்ப் பாத்திக்கு இருபது லிட்டர், அதாவது ஒரு குடத்துக்குச் சற்று மேல், போதும். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீருமே இதிற் பெரும்பங்கைத் தரும். இன்னொன்று: ஐந்நூறு சதுர அடி மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் தொள்ளாயிரம் லிட்டர் நீர் இறங்குகின்றது. கழிவு போக எண்ணூறு எனக் கொண்டாலும், அவ்வொரு மழையே அப்பாத்தியை நாற்பது நாட் காக்கும். அந்நீர் இப்பொழுது நம் தெருச் சாக்கடை வழியே கௌசிகா நதியிற் சேர்கின்றது.

நீரைப் பற்றிப் பேசுங்கால், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர்ப் பக்கத்து அன்பர்களுக்கு அழுத்தமாக ஒன்று கூறல் வேண்டும். பட்டாசுத் தொழிற்சாலைகளிற் கழித்த பிளாஸ்டிக் பீப்பாய்களும் சாக்குகளும் மலிவாகக் கிடைக்கின்றன. தொட்டியாகவும் நீர்ச்சாடியாகவும் அவற்றைக் கொள்ளுதல் தவறு. எத்தனை முறை கழுவினும் மருந்தின் எச்சம் முழுதும் போயிற்றென்று எவரும் உறுதி கூற இயலாது. பச்சை நிறத்துக்காகப் பட்டாசிற் கலந்துவந்த பேரிய உப்புக்களை 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தடுத்தது; பழைய பீப்பாய் தீர்ப்பை அறியாது! வேலைக்கு உடுத்திய துணியை அலசிய நீரையும் பாத்திக்கு விடுதல் ஆகாது. அதன்கண் அலுமினியத் தூளும் கந்தகமும் இருக்கும். "வெடியுப்பு பயிருக்கு உரந்தானே, சிறிது கொண்டுவந்தால் என்ன?" என்று கேட்போர் உளர். வெடியுப்பில் உரச்சத்து உண்டென்பது மெய். ஆயின் வெடிமருந்துச் சரக்கு வீட்டு வாயிலைக் கடத்தலே குற்றம். அடுப்பெரியும் வீட்டில் அது வந்தால் விளைவது யாதென்று இப்பக்கத்தார்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

இவ்வளவும் காரட்டைப் பற்றிக் கூறியபின், அதனினும் எளியவற்றைக் கூறாது விடின் நெறியன்று. நூறு கிராமுக்கு நூறு கிராம் வைத்து நோக்கின், காரட்டிலுள்ளதைப்போல மும்மடங்குக்கு மேற்பட்ட கரோட்டின் முருங்கையிலையில் உண்டு. கீரையிலிருந்து அதனை உடல் பற்றுவது சற்றுக் குறைவென்பர். துளி நல்லெண்ணெய் விட்டு வதக்கின் அக்குறை பெரிதும் நீங்கும். முருங்கைக்கு மேட்டுப்பாத்தியும் வேண்டா, சாக்கும் வேண்டா. ஒரு கொம்பை ஊன்றினாற் போதும். கொத்தவரை, தட்டைப்பயறு, வெண்டை, கத்தரி ஆகியவை கரிசலுக்கு அஞ்சாதன. அவரையையும் பீர்க்கையும் ஆடியில் ஊன்றி வேலியில் ஏற்றிவிட்டால், மழை வந்தபின் தாமே காய்க்கும். சாத்தூர் வெள்ளரியின் புகழ் நாம் அறிந்ததே.

அதலைக்காயை மறந்து யாம் எவ்வாறு அமர்வது! பாகலுக்கு இளைய உறவாகிய இச்சிறுகாய் நம் கரிசலின் தனிச்செல்வம். கோடையெல்லாம் நிலத்தடியிற் கிழங்காய்க் கிடந்து, மழை கண்டவுடன் கொடியோடிக் காய்க்கும். பறித்த காய் நெடுநாள் நில்லாது வெடித்துவிடும். அதனாலேயே தொலைவூர்ச் சந்தைக்குச் செல்லாது நமக்கே கிடைக்கின்றது. புன்செய்க்காரர் களையென்று வெட்டி எறியும் கிழங்கைக் கேட்டு வாங்கிவந்து வேலியோரம் புதைத்து வைப்பின், ஆண்டுதோறும் கார்த்திகையில் அது நம்மை நாடி வரும். நம் பிள்ளைகள் காரட் படத்துக்கு வண்ணந் தீட்டுகின்றனர், அதலைக்காயைக் காட்டினால், "இது என்ன?" என்று வினவுகின்றனர். பள்ளியில் நாம் நாள்தோறும் காண்பது இது.

தாய்மார்கள் முன்னிலையில் ஆண்மக்களுக்கு ஒரு விண்ணப்பம். காலையில் சமைத்து, பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசிலோ அச்சகத்திலோ உழைத்து, அந்தியில் மீளும் பெண்ணின் தலையில் இத்தோட்டத்தையும் ஏற்றுவதாயின், யாம் பேசாதிருந்திருத்தலே நன்று. மண் சுமத்தல், பாத்தி கட்டல், நீர் வார்த்தல் ஆகியவற்றை வீட்டு ஆடவரும் சிறுவரும் ஏற்க. கால் மணி நேரத்து வேலை அது. மற்றொன்றும் உண்டு. முதலில் உண்ணும் ஆண்பிள்ளைக்குக் காயும், கடைசியில் உண்ணும் பெண்பிள்ளைக்குக் குழம்பும் என்னும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் நீங்கவில்லை. மாலைக்கண்ணும் சோகையும் யாரைத் தேடி வருமென்பதை இதிலிருந்து உணர்ந்துகொள்க.

இறுதியாக விதை. சமவெளியில் விளையும் காரட் வகைகளிற் சில ஈண்டே பூத்து விதை தரும், மலைவகை தாராது. அவரை, வெண்டை, கொத்தவரை, பீர்க்கு ஆகிய நாட்டு வகைகளின் விதையையோ நாமே எடுத்து வைக்கலாம். முற்காலத்தில் இவ்வூரில் வீட்டுக்கு வீடு நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினர். க்ஷத்திரிய வித்தியாசாலை அப்பிடியரிசியால் வளர்ந்ததென்பதும், பெருந்தலைவர் காமராசர் அங்கே பயின்றாரென்பதும் யாவரும் அறிந்தனவே. அம்முறையிலேயே சங்கக் கட்டடத்தில் ஒரு விதைப்பானை வைத்தல் கூடுமென்று செயலாளர் அவர்களிடம் கூறினோம், அவர் இசைந்தனர். ஒரு பிடி விதை பெறுவோர், விளைந்தபின் இரு பிடி திருப்பித் தருதல் வேண்டும். முதன்முறைக்கு வேண்டிய அவரை, பீர்க்கு, கொத்தவரை விதைகள் பொட்டலங்களாக மேசைமீது உள்ளன. காரட் விதை பன்னிரண்டு குடும்பங்களுக்கே உண்டு. மண்ணைப் பற்றி ஐயமுடையோர் அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்து வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கேட்டுத் தெளியலாம். பொட்டலம் பெறுவோர் தம் பெயரையும் விதைத்த நாளையும் அங்குள்ள ஏட்டில் எழுதிச் செல்லுமாறு வேண்டுகின்றோம். தைப்பொங்கல் கழிந்து நாம் கூடும்பொழுது அவ்வேட்டை வைத்துக்கொண்டே பேசுவோம்.