பட்டை இல்லாத பதக்கம்



எங்கள் அடுத்த வீட்டில் ஒரு ஆங்கிலேய மூதாட்டி இருக்கிறார். வருடாவருடம் அவருடைய வரிக்கணக்கை நான்தான் பார்த்துக் கொடுப்பது. ஒருநாள் அவர் லாச்சிக்குள் இருந்து ஒரு வெள்ளிப் பதக்கத்தை எடுத்துக் காட்டினார். "என் பாட்டியின் அண்ணருடையது. ஆப்கானிஸ்தானில் இறந்துபோனவர். பெரிதாக ஒன்றும் செய்திருக்க மாட்டார், இதில் பட்டைகூட இல்லை" என்றார்.

பதக்கத்தின் ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி. மறுபக்கம் பீரங்கியைச் சுமந்து செல்லும் யானையும் நடந்து போகும் படையும். கீழே 1878-79-80 என்ற ஆண்டுகள். இது இரண்டாம் ஆப்கான் போருக்கான பதக்கம். அந்தப் போரில் அலி மஸ்ஜித், பெய்வார் கோட்டல், சாராசியா, காபூல், அகமத் கேல், காந்தகார் என்று ஆறு சண்டைகளுக்குப் பட்டை கொடுத்தார்கள். பதக்கத்துக்கு மேலே, ரிபனில் பூட்டுகிற சிறு வெள்ளித் தகடுதான் பட்டை.

பழைய பிரித்தானியப் பதக்கம் கையில் கிடைத்தால் முகத்தைப் பார்ப்பதைவிட விளிம்பைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் சிப்பாயின் இலக்கமும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 66ஆவது படைப்பிரிவு என்று இருந்தது.

இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அடையாளப் பத்திரம் காட்டினால் இலவசமாக வாசகர் அட்டை தருவார்கள். அந்தக் காலத்துச் சேவைப் பத்திரங்களில் பெரும்பாலும் ஓய்வூதியம் பெற்று விலகியவர்களுடையவையே மிஞ்சியிருக்கின்றன. போரில் இறந்தவர்களுடையவை கிடைப்பது அரிது. அதனால் இரண்டு இடங்களில் தேடினேன். ஒன்று, பதக்கம் பெற்றவர்களின் பட்டியல். மற்றது, எனக்குப் பழக்கமான ஒன்று: சம்பளப் பேரேடு.

கணக்காளர் நேயர்களுக்குச் சொல்கிறேன், பொய் சொல்லாத புத்தகம் அது. யார் எங்கே நின்றார், எத்தனை நாளுக்குச் சம்பளம் என்று எழுதியிருக்கும். எங்கள் ஆளின் சம்பளம் 1880 யூலை மாதத்தோடு நின்றுவிட்டது. பதக்கப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே "மைவாந்தில் கொல்லப்பட்டார்" என்று இருந்தது.

மைவாந்து, காந்தகாருக்கு மேற்கே உள்ள இடம். 1880 யூலை 27ஆம் திகதி, கொளுத்தும் வெயிலில், ஏறக்குறைய 2,500 பேர் கொண்ட பிரித்தானிய இந்தியப் படை அயூப் கானின் பெரும் படையிடம் தோற்றது. இந்தியச் சிப்பாய்களும் சேர்த்து 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தப்பியவர்கள் தண்ணீர் இல்லாமல் காந்தகார் வரை ஓடினார்கள். ஆப்கானியருக்கு அது வெற்றித் திருநாள். அந்தக் களத்தில் நின்றதாகச் சொல்லப்படும் மலாலாய் என்ற பெண்ணின் பெயரைத்தான் மலாலா யூசுப்சாய்க்கும் வைத்தார்கள்.

மைவாந்துக்குப் பட்டை இல்லை. அது அவர்கள் தோற்ற சண்டை.

இதைச் சொன்னபோது மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு இருவரும் ரயிலில் றீடிங் நகருக்குப் போனோம். அங்கே போர்பரி பூங்காவில் 1886இல் திறந்துவைத்த பெரிய இரும்புச் சிங்கம் நிற்கிறது. அதன் பீடத்தில் அந்தப் படைப்பிரிவில் இறந்த 300க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். அவர் கைவிரலால் தடவித் தடவித் தன் ஆளைக் கண்டுபிடித்தார். "வீட்டில் இவரைப் பற்றிப் பேச வெட்கப்பட்டோம்" என்றார்.

நேயர்களே, நான் அன்று என் சின்ன மாமாவை நினைத்தேன். 1990இல் வேலைக்கென்று வீட்டால் வெளிக்கிட்டவர், திரும்பி வரவில்லை. எந்தக் கல்லிலும் அவர் பெயர் இல்லை. எங்களிடம் இருப்பது, கூட்டுறவுச் சங்கம் கொடுத்த ஒரு சம்பளத் துண்டு. நாங்கள் ஊரைவிட்டு வந்தபோது அம்மா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தா. இந்த நாட்டில் பிறந்த என் பிள்ளைகளுக்கு அவர் "காணாமல் போன மாமா" மட்டுந்தான். அவருடைய முழுப் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. தவறு என்னுடையது.

அன்றிரவு அந்தத் துண்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தேன். பக்கத்தில் ஒரு தாளில் அவர் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த இடம், கடைசியாகக் கண்ட நாள் எல்லாவற்றையும் எழுதினேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன், பேரப்பிள்ளைகள் எதை வாசிப்பார்களோ தெரியாதே.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பழைய படம், ஒரு பங்கீட்டு அட்டை, ஒரு பாடசாலைச் சான்றிதழ் இருக்கும். இந்தக் கிழமை அதை வெளியே எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் பெயரை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.