நியமனம் சரி, ஓட்டு எங்கே?



2025 ஏப்ரல் 16 அன்று முதல்வர் சட்டப்பேரவையில் இரண்டு திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். எல்லா உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிப்பதற்கான மசோதாக்கள். அப்போது நகர்ப்புற உள்ளாட்சிகளில் இருந்தவர்கள் 35 பேர்தான். அது 650 ஆகும், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர் வருவார்கள் என்றது அரசு. மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் தெருவில் இறங்கிக் கேட்டதற்குக் கிடைத்த பலன் இது. வரவேற்கிறேன்.

ஆனால் 'நியமனம்' என்ற சொல் உறுத்துகிறது. நகர்ப்புற மன்றங்களில் நியமன உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 243-ஆர் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. பேசலாம், தீர்மானிக்க முடியாது. பேசுவதையும் நியமித்தவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசவேண்டிவரும். பிரதிநிதி யாருக்குக் கடன்பட்டவர் என்பதுதானே 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகும் அம்பேத்கர் விடாமல் எழுப்பிய கேள்வி? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்தார்கள். மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவருக்கே அந்த நிலை. ஓட்டுரிமை இல்லாமல் நியமனத்தில் வரும் தலித் மாற்றுத்திறனாளிப் பெண்ணை எங்கே உட்கார வைப்பார்கள்?

நம் குமரி மாவட்டத்தில் 95 கிராம ஊராட்சிகள். மசோதா வந்த நாளில் இவற்றில் மன்றமே இல்லை. ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் நிர்வாகம். மிச்சம் இருந்தது கிராம சபைதான். அங்கே பேச யாரும் நம்மை நியமிக்க வேண்டாம், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

போய்ச் சேர்வதுதான் பாடு. பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் சில காணிக் குடியிருப்புகளிலிருந்து படகேறித்தான் வரவேண்டும். அந்தப் படகில் சக்கர நாற்காலியை எப்படி ஏற்றுவது? சமவெளியில் கூட்டம் நடக்கும் கட்டடத்துக்கு நாலு படி. "ரெண்டு பேர் தூக்கிவிட்டால் போச்சு" என்பார்கள். தொடத் தயங்குகிற ஊரில் யார் யாரைத் தூக்குவது? கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்த மண் இது. சாய்தளம் கேட்பதும் சாதி ஒழிப்புக் கோரிக்கைதான் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்த கிராம சபைக்கு முன்னால் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். எத்தனை படி, எந்தத் தெரு, சைகைமொழி பெயர்ப்பாளர் வருகிறாரா? இல்லையென்றால் அதையே முதல் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.