"ஏன் டாக்டர்?" என்று கேட்கலாம்

பள்ளிப்பட்டு அம்மாக்களே, அப்பாக்களே, பாட்டிமார்களே!

ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது முன்தோலைப் பின்னால தள்ளிக் கழுவணும்னு யாராவது சொன்னாங்களா? சொன்னவர் டாக்டராகவே இருந்தாலும், "ஏன் டாக்டர், அவசியமா?" என்று கேளுங்கள். தமிழோ தெலுங்கோ, கூச்சம் வேண்டாம்.

பிறக்கும்போது அந்தத் தோல் உள்ளே ஒட்டித்தான் இருக்கும். அது நோய் இல்லை. 1949-ல் இங்கிலாந்து மருத்துவர் டக்ளஸ் கெய்ர்ட்னர் எழுதிய கட்டுரைப்படி, பிறந்த குழந்தைகளில் 4 சதவீதம் பேருக்குத்தான் தோல் முழுசாப் பின்னால் வந்தது. வளர வளரத் தானாகப் பிரியும். சிலருக்குப் பதின்வயது வரை ஆகும். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் கிழியும், ரத்தம் வரும், தழும்பாகும். பின்னால் போன தோல் திரும்பி வராமல் இறுகிக்கொண்டால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். வெளிப்பக்கம் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினாலே போதும்.

சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தாலோ தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போங்க.

ஆபரேஷன் செய்யணும்னு சொன்னால் காரணம் கேளுங்கள். இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்பது, தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் உள்ள உங்கள் உரிமை. சந்தேகமா? கையில இருக்கிற போனில் 104-ஐ அழுத்துங்க.