மூட்டுநோயும் கூட்டுக் கல்வியும்

(வாகட்டில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



மருத்துவம் பற்றிப் பேச முன்வந்துள்ள யாம் மருத்துவரல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருபதாண்டுக்கு மேலாக இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு குடித்தனம் நடத்திவரும் ஓர் எழுத்தர். ஆண்டுதோறும் எமக்கு இலக்கியத் தலைப்பே அளித்துவந்த நம் செயலாளர், "இம்முறை உமக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பேசுங்கள், ஐயா" என்றார். எமக்கு நன்கு தெரிந்தவை இரண்டே. ஒன்று இருப்புப்பாதை, மற்றொன்று எம் இல்லத்தரசியாரின் மூட்டுவலி. இரண்டையும் சேர்த்தே பேச எண்ணுகிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் இப்போதே எம்மை முறைத்துப் பார்ப்பது தெரிகிறது. பொறுத்தருள்க.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி. விடியற்காலையில் கோலமிடக் குனிந்தவரின் விரலிடையே மாவு நில்லாது கொட்டியது. விரல் மடங்கவில்லை. பிற்பகலில் சரியாகிவிட்டது, மறுநாள் காலையில் மீண்டும் அதே நிலை. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கினோம். ஒரு மருத்துவர் வீட்டு வேலை மிகுதி என்றார். மற்றொருவர் எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் குறையில்லை என்றார். பிறிதோரிடத்தில் உருக்கிய மெழுகில் விரல்களைத் தோய்த்தெடுத்தனர். அனைவரும் நல்லவரே, அவரவர்க்குத் தெரிந்ததை அவரவர் செய்தனர். இவ்வாறு பதினொரு மாதங்கள் கழிந்தன.

பின்னர் ஒரு மருத்துவ முகாமில், இயன்முறை மருத்துவம் பயிலும் மராத்தியப் பெண்ணொருத்தி, "காக்கூ, காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க எவ்வளவு நேரம் ஆகிறது?" என்று கேட்டாள். ஒன்றரை மணி நேரம் என்றார் எம் இல்லத்தார். அப்பெண் அவர் கையைப் பற்றி, விரல்கள் தொடங்கும் கணுக்களைக் குறுக்காக மெல்ல அழுத்தினாள். இவர் துடித்துப் போனார். அருகில் நின்ற மருத்துவ மாணவர் இருவர், "அக்கேள்வி எதற்கு?" என்று அவளிடமே கேட்டனர். அவள் விளக்கினாள். உழைப்பால் தேய்ந்த மூட்டு அசைத்த சிறிது நேரத்தில் இளகிவிடும். அழற்சியால் வீங்கிய மூட்டோ காலையில் நெடுநேரம் விறைத்தே நிற்கும். அந்த ஒரு கேள்வியே எம்மை மூட்டுவாத மருத்துவரிடம் கொண்டு சேர்த்தது. முடக்குவாதம் என்று தெரிந்தது. தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தோன்றாமலிருப்பதும் இந்நோயின் இயல்பாம். இன்று நலமாக இருக்கிறார். எனினும் வலக்கை விரல் இரண்டு வளைந்தவை வளைந்தவையே. முதல் மாதத்தில் எவரேனும் அக்கேள்வியைக் கேட்டிருந்தால் என்று யாம் எண்ணாத நாளில்லை.

அன்று யாம் கண்டது இதுவே: இயன்முறை மாணவி அறிந்ததை மருத்துவ மாணவர் அறிந்திலர். அவ்விருவரும் அறிந்த வேறு பலவற்றை அவள் அறிந்திலள். மூவரும் தற்செயலாக ஒரே மேசையருகில் நின்றமையால் மூவரும் கற்றனர். தற்செயலாக நடந்த அதனை ஏன் முறையாகவே நடத்தலாகாது?

எம் துறையில் இது புதிதன்று. ஓடும் வண்டியின் அச்சு சூடேறிவிட்டால் பெருங்கேடு விளையும். அதனைச் செப்பனிடுவது பெட்டிப் பழுது பார்ப்போர் பணி. ஆயினும் அதனைக் கண்டறிவது அவர் ஒருவர் பணி மட்டுமன்று. நிலைய அதிகாரி மேடையோரம் நின்று, கடந்துசெல்லும் வண்டியை உற்று நோக்குகிறார். கடவுக்காவலர் தம் வாயிலில் நின்று நோக்குகிறார். பாதை பேணும் தொழிலாளர் தம் வேலையை நிறுத்தி நோக்குகின்றனர். புகை கண்டவர் யாராயினும் செங்கொடி காட்டலாம், காட்டியே ஆகவேண்டும். கடவுக்காவலருக்கு அச்சைக் கழற்றத் தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. புகையைப் புகையென்று அறிந்தாற் போதும்.

மூட்டு நோய்க்கும் அத்தகைய எளிய நோட்டம் ஒன்று உண்டு. மருத்துவமனைக்கு வருவோரின் நெஞ்சையும் வயிற்றையும் தவறாது சோதிக்கும் மருத்துவர்கள் மூட்டுகளை மட்டும் விட்டுவிடுவதைக் கண்டு, டோஹர்ட்டி முதலிய இங்கிலாந்து மருத்துவர்கள் 1992-இல் ஒரு முறையை வெளியிட்டனர். நடை, கை, கால், முதுகெலும்பு ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி அதனைக் 'கால்ஸ்' என்பர். கேள்விகள் மூன்றே: தசையிலோ மூட்டிலோ முதுகிலோ வலியோ விறைப்போ உண்டா? உதவியின்றி உடுத்த முடிகிறதா? படியேறி இறங்க முடிகிறதா? பின்னர் நடக்கச் சொல்லிப் பார்த்தல், இரு கைகளையும் தலைக்குப் பின் கொண்டுபோகச் செய்தல், விரல்களை மடக்கி விரிக்கச் செய்தல், குனியச் செய்தல், முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தல். சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிறார்க்கென இதனை மாற்றியமைத்த முறை 2006-இல் வெளிவந்தது. நம் நாட்டிற்கு வேறிரண்டு கேள்விகளும் வேண்டும் என்பது எம் கருத்து: தரையில் சம்மணமிட்டு அமர்ந்து எழ முடிகிறதா? குந்தியிருக்க முடிகிறதா? நாற்காலியிலேயே வாழும் மக்கள் வகுத்த வினாக்களில் இவை இல்லை. நம் அடுக்களையும் பூசையறையும் இவற்றையே கேட்கின்றன.

இந்நோட்டத்தை மருத்துவம், செவிலியம், இயன்முறை, செயல்முறை, மருந்தியல் பயிலும் மாணவர் ஐவர் ஒரே நோயாளி முன் ஒன்றாகக் கற்பதாக வைத்துக்கொள்வோம். ஐவரும் முழுச் சோதனையையும் செய்யக் கற்கவேண்டும். ஆனால் ஐவர் கண்ணும் ஒன்றாயிராது. இயன்முறை மாணவர் நடையில் ஒரு சாய்வைக் காண்பார். செயல்முறை மாணவர், அம்மையார் சட்டைப் பொத்தானைப் போடாமல் ஊசி குத்தியிருப்பதைக் காண்பார். இரவில் வலியால் எழுகிறாரா என்று செவிலி மாணவி கேட்பாள். முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் உண்டென்றால், முதுகெலும்பில் காசநோய் இருக்கக்கூடும் என மருத்துவ மாணவர் எச்சரிப்பார். கால் வலுவிழந்து சிறுநீர் அடக்கவியலாது போயின் அன்றே அனுப்பவேண்டும் என்பார். மருந்தியல் மாணவரோ வலி மாத்திரையை எத்தனை மாதமாக உண்கிறீர்கள் என்று கேட்டு, வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் நேரும் கேட்டைச் சொல்வார். எம் இல்லத்தார்க்குக் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு நாளே உண்ணவேண்டிய மருந்து. தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே கேடு. அதனை எமக்கு அழுத்திச் சொன்னவர் மருந்தாளுநரே. அட்டையில் 'திங்கள்' என்று எழுதியும் கொடுத்தார்.

இவ்வளவும் ஏட்டுச் சுரைக்காயோ என்று ஐயுற வேண்டா. இதே புனே மாவட்டத்தில் பிக்வான் என்றோர் ஊர் உண்டு. நாம் சென்னை செல்லும்போது டவுண்டு கடந்து சோலாப்பூருக்கு முன் வருமே, அவ்வூர்தான். அங்குள்ள நீர்த்தேக்கத்திற்குப் பூநாரைகள் வருவதைப் பலர் அறிவர். மற்றொன்றைப் பலர் அறியார். உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டு மூட்டுவாத மருத்துவர் கழகமும் 1981-இல் தொடங்கிய 'காப்கார்ட்' திட்டத்தின்படி, 1996-இல் டாக்டர் அர்விந்த் சோப்ராவும் அவர் குழுவினரும் அவ்வூரில் மூட்டுநோய்க் கணக்கெடுத்தனர். வீடு வீடாக முதலிற் சென்றவர்கள் மருத்துவர்களல்லர். பயிற்சி பெற்ற தொண்டர்கள். அவர்கள் கேட்டுக் குறித்துவந்த பின்னரே மருத்துவர் சோதித்தனர். வயதுவந்தோர் 4,092 பேரில் நூற்றுக்கு 18 பேர் மூட்டு, தசை வலியுடையோர் என்று தெரிந்தது. முடக்குவாதமோ ஏறத்தாழ இருநூற்றுவரில் ஒருவர்க்கு. தக்க பயிற்சி இருந்தால் மருத்துவரல்லாதார் கண்ணும் நோயைக் காணும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் தாயகத்திலோ வேலூர் உள்ளது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். மருத்துவம் பயிலுமுன் கட்டடத் தொழில் பயின்றவர் அவர். தசைநாணை மாற்றிவைத்தால் மட்டும் கை வேலை செய்யாது. இயன்முறையாளர் பழக்கவேண்டும், தச்சுப் பட்டறையில் உளி பிடித்துப் பார்க்கவேண்டும், உணர்விழந்த காலுக்குச் செருப்புத் தைப்பவர் துணையும் வேண்டும் என்று கண்டார். அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார். அங்கு மறுவாழ்வு நிலையம் 1966-இல் தோன்றக் காரணமாயிருந்தார்.

பலதுறை மாணவரும் ஒருவரோடொருவரும் ஒருவரிடமிருந்து ஒருவரும் கற்கவேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் 1988-இலும் 2010-இலும் அறிக்கைகள் வெளியிட்டது. எனினும் நடைமுறையில் தடைகள் உள்ளன. ஒவ்வொரு துறைக்கும் தனிப் பாடத்திட்டம், தனி நேர அட்டவணை, தனித் தேர்வு. இயன்முறை முதலிய துறைகட்கு நாடளாவிய ஆணையம் காணும் சட்டமே 2021-இல்தான் வந்தது. அதனினும் பெரிய தடை மனத்தடை. ஐவர் கூடின் மருத்துவ மாணவரே முதலிற் பேசுவார், மற்றவர் தலையசைப்பர். ஆசிரியர் அவரைக் கடைசியாகப் பேசச் சொல்லவேண்டும் என்பது எம் சிற்றறிவுக்கு எட்டிய வழி. எம் அலுவலகத்திலும் மேலதிகாரி முதலிற் கருத்துரைத்த கூட்டங்களில் எவரும் உண்மை பேசியதை யாம் கண்டதில்லை. இது அச்சில் வருமாயின் மேலதிகாரி தமிழறியார் என்ற துணிவிலேயே சொல்கிறோம்.

இனி, சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். நம் முகாமில் ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம், மூட்டைப் பார்ப்பதில்லை. ஹிஞ்சவடியில் நாள்முழுதும் கணிப்பொறி முன் அமர்ந்து கழுத்து நொந்த இளைஞரும், பேரக்குழந்தையைத் தூக்கித் தூக்கி முழங்கால் தேய்ந்த பாட்டிமாரும் நம்மிடையே எத்துணைப் பேர்! நம் பிள்ளைகளில் மருத்துவம் பயில்வோரும், செவிலியமும் இயன்முறையும் மருந்தியலும் பயில்வோரும் உள்ளனர். அவர்களைத் தனித்தனி மேசையில் அமர்த்தாது, மூத்த மருத்துவர் ஒருவர் மேற்பார்வையில் ஒரே மேசையில் அமர்த்துவோம். மருந்து கொடுக்க வேண்டா; நோய்ப் பெயர் சூட்டவும் வேண்டா. கேட்கட்டும், நோக்கட்டும், செங்கொடி கண்டால் உரியவரிடம் அனுப்பட்டும். முதற் பயிற்சிக்குத் தம் கைகளை நீட்ட எம் இல்லத்தார் இசைந்துள்ளார். மேடையேறுமுன் கேட்டே சொல்கிறோம்.

விழா முடிந்ததும் வாயிற்புறத்தில், உணவுச் சீட்டு வழங்கும் மேசைக்கு அடுத்த மேசையில், யாம் குறிப்பேட்டோடு அமர்ந்திருப்போம். பயிலும் பிள்ளைகள் தம் பெயரையும் துறையையும் எழுதிவிட்டுப் பின்னர் உணவருந்தச் செல்லுமாறு வேண்டுகிறோம்.